புன்னகை மன்னன் அருவியும் 163 மெகாவாட்டும்



அதிரப்பள்ளின்னு சொன்னா நம்மாளுங்கள்ல பாதிப் பேரு "எங்க இருக்கு?"ன்னு கேப்பாங்க. "புன்னகை மன்னன் அருவி"ன்னு சொல்லிப் பாருங்க. "அட, கமலும் ரேகாவும் குதிப்பாங்களே, அதானே?"ன்னு உடனே பதில் வரும். 1986ல பாலசந்தர் எடுத்த படம். அப்புறம் ராவணன்ல மணிரத்னம் அதே தண்ணியக் காட்டினாரு. கேரளாவுல திருச்சூர் மாவட்டம், சாலக்குடி ஆத்துல சுமார் 80 அடி உயரத்துல இருந்து விழுற அருவி அது.

அந்த அருவிக்குக் கொஞ்சம் மேல ஒரு அணை கட்டி, கரண்ட் எடுக்கலாம்னு ரொம்ப வருஷமா ஒரு திட்டம் இருக்கு. கட்டுறேன், கட்டாதேன்னு இருபது வருஷத்துக்கு மேல சண்டை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். "திண்டுக்கல்காரனுக்கு சாலக்குடி ஆத்துல என்னடா வேலை?"ன்னு கேக்குறீங்களா? இருக்கு. கடைசி வரைக்கும் படிங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர் மாசம், ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வாரக்கடைசில, அப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கார்ல அந்தப் பக்கம் போனேன். ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி, ஆழியாறு. அப்புறம் நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. அங்கேருந்து மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டி, காட்டுக்குள்ளயே இறங்கினா சோலையாறு, பெரிங்கல்குத்து, வாழச்சால், அதிரப்பள்ளி. அழகான ரோடு. ஆனா பொறுமை வேணும்.

அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். திண்டுக்கல்ல லேத் பட்டறை வச்சிருக்காரு. பூட்டுக்கு வேணுங்கிற உதிரி, மில்லுக்கு புஷ், ஷாஃப்ட், இப்படி கைக்கு வர்ற வேலை எல்லாம். 2012ல நான் பத்தாவது படிச்சப்போ, சென்னைக்கு வெளிய தமிழ்நாட்டுல கரண்ட் என்ன பாடு படுத்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சில நாள் பதினாலு மணி நேரம் கூட இருக்காது. கரண்ட் வர்ற நேரம் பாத்து ராத்திரி ரெண்டு மணிக்குப் பட்டறைக்குப் போவாரு. வேலைக்கு இருந்த ரெண்டு பேரும் தாக்குப் பிடிக்க முடியாம திருப்பூருக்குப் போயிட்டாங்க. டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தா, செய்யிற வேலைக்குக் கிடைக்கிற காசு டீசலுக்கே சரியாப் போயிடும். அம்மாவோட ரெண்டு வளையல் அந்த வருஷம்தான் அடகுக்குப் போச்சு. நான் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுல எமர்ஜென்சி விளக்கு வச்சு கணக்குப் போட்டுப் படிச்சவன்.

அதனால கரண்ட் விஷயத்துல அப்பா ரொம்பத் தெளிவு. அருவிக்கு முன்னாடி நின்னு, தண்ணிச் சாரல் மூஞ்சில அடிக்க, நான் அந்த அணைத் திட்டத்தைப் பத்திச் சொன்னப்போ அவரு சொன்னது இதுதான்:

"டேய் தம்பி, பட்டறையில மெஷின ஓட்ட முடியாம ஒரு நாள் முழுக்க சும்மா உக்காந்து பாரு. அப்புறம் வந்து அருவியப் பத்திப் பேசு."

இதுக்கு "இயற்கையைக் காப்போம்"னு பதில் சொன்னா அது திமிரு. எனக்கு வளையல் ஞாபகம் வந்துச்சு. அதனால கணக்குப் பேசலாம்னு முடிவு பண்ணினேன். அவருக்கும் கணக்குன்னா புடிக்கும்.

திட்டம் என்னன்னா, வாழச்சாலுக்கு மேல 23 மீட்டர் உயரத்துல ஒரு அணை. அங்கேருந்து நாலரை கிலோமீட்டருக்கு மேல மலைக்குள்ள சுரங்கம் போட்டு, தண்ணிய அருவிக்குப் போகவிடாம சுத்திக் கொண்டு போய், அருவிக்குக் கீழ கண்ணங்குழிங்கிற இடத்துல மின்நிலையத்துல விழ வைக்கிறது. அங்க 80 மெகாவாட் மெஷின் ரெண்டு. அருவிக்குன்னு கொஞ்சம் தண்ணி விடணுமே, அந்தத் தண்ணியிலயும் கரண்ட் எடுக்க அணையடியில ஒன்றரை மெகாவாட் மெஷின் ரெண்டு. மொத்தம் 163 மெகாவாட்.

163ன்னு கேட்டா பெருசாத்தான் தெரியுது. ஆனா மெகாவாட்ங்கிறது மெஷினோட பலம், அது தர்ற வேலை இல்ல. இது லேத்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்ல. 163 மெகாவாட் வருஷம் பூரா நிக்காம ஓடினா சுமார் 142 கோடி யூனிட் வரணும். திட்டத்துல சொன்னது 23.3 கோடி யூனிட். அதாவது 16 சதவீதம். இன்னொரு விதமாச் சொன்னா, மெஷின் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் முழுசா ஓடும். அதுவும் மழைக்காலத்துல கூட ஓடும், கோடையில குறையும். கேரளா ஒரு வருஷத்துக்குச் செலவழிக்கிற கரண்ட் 2,500 கோடி யூனிட்டுக்கு மேல. அதுல இது ஒரு சதவீதம் கூட வராது.

"இதே 23 கோடி யூனிட்டை சுமார் 140 மெகாவாட் சோலார் வச்சு எடுத்துடலாம்பா. நம்ம ராமநாதபுரம் கமுதியில 2016லயே 648 மெகாவாட் வச்சுட்டாங்க"ன்னு சொன்னேன். ஜெயிச்சுட்டோம்ல, அப்படின்னு ஒரு நினைப்பு.

அப்பா கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "அந்த நாலு மணி நேரம் எப்ப ஓட்டுவாங்க?"ன்னாரு.

"சாயந்தரம். எல்லாரும் லைட்டு, டிவி, ஃபேன்னு போடுற நேரம்."

"உன் சோலாரு சாயந்தரம் ஓடுமா?"

இந்த ஆளு பத்தாவதுதான் படிச்சிருக்காரு. நான் என்ஜினியரிங். ம்ம்...

அவரு கேட்டது சரியான கேள்வி. நீர்மின்சாரத்தோட உண்மையான மதிப்பே அதுதான். நிலக்கரி நிலையத்தை நெனச்ச நேரத்துக்கு ஏத்தி இறக்க முடியாது. சூரியன் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடும். தண்ணின்னா வால்வைத் திறந்தா சில நிமிஷத்துல கரண்ட். அதனால "அருவிக்குப் பதிலா சோலார்"னு ஒரு வரியில முடிக்கிறது சரியான பதில் இல்ல. சோலாரைச் சேத்து வைக்க ஏதாவது வேணும். பகல்ல மிச்சமாகிற கரண்ட்ல தண்ணிய மேல ஏத்தி வச்சு, ராத்திரி கீழ விட்டு கரண்ட் எடுக்கிற முறை ஒண்ணு இருக்கு. நாங்க வந்த வழிக்குப் பக்கத்துலயே, ஆனைமலையில காடம்பாறையில, 400 மெகாவாட்டுக்கு அந்த மாதிரி நிலையம் 1980கள்லயே வந்தாச்சு. ஆனா அதுக்கும் மலை வேணும், அணை வேணும். நீலகிரியில குந்தாவுல பழைய அணைகளையே மேலும் கீழுமா வச்சு 500 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டாங்க. அதே நீலகிரியில சில்லஹல்லாவுல புது அணை கட்டணும்னப்போ, பக்கத்து கிராமத்துக்காரங்க எதிர்த்தாங்க. ஒரே மலை, ஒரே தொழில்நுட்பம். பழைய அணையைப் பயன்படுத்துறதா, புது ஆத்தை மறிக்கிறதாங்கிறதுலதான் வித்தியாசம்.

சரி, சாயந்தரம் நாலு மணி நேரம் மட்டும் ஓட்டினா ஆத்துக்கு என்ன ஆகும்? இங்கதான் விஷயம் அருவியோட அழகைத் தாண்டிப் போகுது.

நாள் பூரா தண்ணியத் தேக்கி வச்சு, சாயந்தரம் மொத்தமா விட்டா, கீழ இருக்கிறவங்களுக்கு இருவது மணி நேரம் காஞ்ச ஆறு, நாலு மணி நேரம் வெள்ளம். அருவிக்குக் கீழ தும்பூர்முழியில ஒரு தடுப்பணை இருக்கு. ரெண்டு கரையிலயும் கால்வாய். அதை நம்பி ஆயிரக்கணக்கான ஏக்கர் தென்னை, ஜாதிக்காய், வாழை, நெல்லு. அதுக்கும் கீழ சாலக்குடி டவுனும் பஞ்சாயத்துகளும் குடிக்கிற தண்ணி. இன்னும் கீழ போனா, ஆத்துல வரத்து குறைஞ்சா கடல் உப்பு உள்ள ஏறிடும். ஆத்துத் தண்ணி மொத்தத்துல ஒரு சொட்டு கூடக் குறையல, ஆனா வர்ற நேரம் மாறிப் போச்சு. நேரம் மாறினாலே போதும், விவசாயம் நாசம். கரண்ட் கட்டுல வாழ்ந்த நமக்கு இது புரியாதா என்ன? நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் குடுத்தேன்னு கணக்குல எழுதிடலாம். ராத்திரி ரெண்டு மணிக்குக் குடுத்தா அதுக்கு என்ன பேரு?

இதை அப்பாகிட்ட இப்படியே சொன்னேன். அவரு "ஹும்"னு மட்டும் சொன்னாரு. அவரு அகராதியில அது பாதி சம்மதம்.

அணை கட்டுற இடத்துல காடர் பழங்குடி மக்கள் இருக்காங்க. வாழச்சால், பொகலப்பாறைன்னு அவங்க குடியிருப்புகள். பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்துன்னு ஒவ்வொரு அணை வந்தப்பவும் அவங்க இடம் பெயர்ந்தவங்க. இது இன்னொரு தடவை. ஆனா இந்தத் தடவை அவங்க சும்மா போகல. 2014ல வன உரிமைச் சட்டத்தின்படி வாழச்சால் காட்டு மேல தங்களோட சமூக உரிமையை வாங்கிக்கிட்டாங்க.

சண்டையோட கதையைச் சுருக்கமாச் சொல்றேன். 1998ல மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி குடுத்துச்சு. பொதுமக்கள்கிட்ட முறையா கருத்துக் கேக்கலன்னு கேரள உயர் நீதிமன்றம் 2001ல ரத்து பண்ணிச்சு. மறுபடியும் 2005ல அனுமதி, 2006ல ரத்து. மறுபடியும் 2007ல அனுமதி. 2010ல மத்திய அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ், "ஏன் இந்த அனுமதியை ரத்து பண்ணக்கூடாது?"ன்னு நோட்டீஸ் விட்டாரு. 2011ல மாதவ் காட்கில் குழு, இந்தத் திட்டம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துச்சு. 2020ல கேரள அரசு மறுபடியும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க மின்வாரியத்துக்கு இசைவு குடுத்துச்சு. வடிவேலு கிணத்தைத் தேடின மாதிரி, இந்த அணை ஃபைல்ல இருக்கு, ஆத்துல இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் சாலக்குடிக்காரங்க சண்டை போட்ட விதம். லதா அனந்தான்னு ஒரு ஆத்து ஆராய்ச்சியாளர். 2017ல காலமாயிட்டாங்க. அவங்களும் சாலக்குடி ஆறு பாதுகாப்பு சமிதிக்காரங்களும் கோஷத்தோட நிக்கல. "ஆத்துல இவ்வளவு தண்ணி வருதுன்னு சொல்றீங்களே, அந்தக் கணக்கைக் காட்டுங்க"ன்னு கேட்டாங்க. மேல இத்தனை அணை இருக்கும்போது, கீழ வர்ற தண்ணிய எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு கேட்டாங்க. எழுபதுகளோட கடைசில சைலன்ட் வேலியிலயும் இதேதான் நடந்துச்சு. குந்திப்புழாவுல 120 மெகாவாட் அணைத் திட்டம். சிங்கவால் குரங்கைக் காப்பாத்தினாங்கன்னுதான் நமக்குத் தெரியும். ஆனா கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்காரங்க, அதுல என்ஜினியர்களும் உண்டு, யூனிட் கணக்குப் போட்டு ஒரு அறிக்கையே புஸ்தகமா போட்டாங்க. 1983ல திட்டம் கைவிடப்பட்டுச்சு, அடுத்த வருஷம் தேசியப் பூங்கா அறிவிப்பு. கவிதையும் வேணும், கால்குலேட்டரும் வேணும்.

வேற மாதிரி முடிஞ்ச இடமும் உண்டு. இலங்கையில தலவாக்கலைப் பக்கம், நம்ம மலையகத் தமிழர்கள் வாழுற இடத்துல, மேல் கொத்மலைத் திட்டம். 150 மெகாவாட், 2012ல முடிச்சாங்க. அங்க இருந்த சென்கிளேயர் அருவிக்குப் பகல்ல குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணி விட ஏற்பாடு. அருவிக்கும் ஷிப்ட் போட்டுட்டாங்க! அந்தப் பக்கம் அமெரிக்காவுல எல்வா ஆத்துல பழைய நீர்மின் அணை ரெண்டை 2011ல இருந்து 2014க்குள்ள உடைச்சே எடுத்துட்டாங்க. சால்மன் மீனு திரும்ப மேல ஏறுது.

நிற்க. இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

சாலக்குடியில ஒரு டீக்கடை. கடைக்காரரு கோயம்புத்தூர்ல பத்து வருஷம் இருந்தவராம், நல்லாத் தமிழ் பேசினாரு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தண்ணி எந்த உயரத்துக்கு வந்துச்சுன்னு சுவத்துல கை வச்சுக் காட்டினாரு. என் தலைக்கு மேல இருந்துச்சு. நான் ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி, "உங்க அரசாங்கம் இந்த அணையக் கட்டக் கூடாதுங்க"ன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "சார், மேல இருக்கிற டேம்ல பாதிக்கு மேல உங்களுதுதானே?"ன்னாரு.

உண்மைதான். சாலக்குடி ஆத்துலயும் அதோட கிளைகள்லயும் ஏற்கனவே ஆறு அணை இருக்கு. அதுல பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், மேல் சோலையாறு, இந்த நாலையும் நடத்துறது தமிழ்நாடு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். காமராஜர் காலத்துல ஆரம்பிச்சது. 1970ல போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12.3 டிஎம்சி கேரளா சோலையாறுக்கு நாம விடணும். செப்டம்பர் 1, பிப்ரவரி 1, இந்த ரெண்டு தேதியில அந்த அணையை நிரப்பியும் வச்சிருக்கணும். மிச்சத்துல பெரும்பங்கு மலையைக் குடைஞ்சு கிழக்க வருது. வழியில கரண்டாகி, பொள்ளாச்சி, உடுமலை வயலுக்குப் போகுது. காலையில பொள்ளாச்சியில அப்பாவும் நானும் ஆளுக்கு ரெண்டு இளநி குடிச்சோமே, அது சாலக்குடி ஆத்துத் தண்ணி!

திண்டுக்கல் மட்டும் என்ன? நம்ம குழாயில வர்ற தண்ணியில ஒரு பங்கு பேரணையில வைகையில இருந்து எடுக்கிறது. அந்த வைகைக்கு உயிர் குடுக்கிறது, 1895ல பென்னிகுயிக் கிழக்கே திருப்பிவிட்ட பெரியாறு. வர்ற வழியில லோயர் கேம்ப்ல அது மின்சாரமும் ஆகுது. ஒரு ஆத்தையே திருப்பினதாலதான் நம்ம பக்கம் சோறு தின்னுது. அதனால "அணையே கூடாது"ன்னு பேசுற யோக்கியதை நமக்கு இல்ல. அப்படிப் பேசவும் நான் வரல. அந்தக் காலத்துல அந்தத் தண்ணி இல்லன்னா பஞ்சம், சாவு. ஒரு சதவீதம் கூட வராத கரண்டுக்கு, ஏற்கனவே ஆறு இடத்துல மறிச்ச ஆத்தை ஏழாவது தடவையும் மறிக்கலாமாங்கிறது வேற கேள்வி. ரெண்டையும் ஒரே தராசுல போடக்கூடாது.

திரும்பி வர்ற வழியில இருந்து என் மண்டையைக் குடையிற விஷயம் ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் இந்தப் பதிவே.

நம்ம ஊருக்குன்னு ஒரு ஆறு இருக்கு. குடகனாறு. கீழ்ப்பழனி மலையில பொறந்து, ஆத்தூர் காமராஜர் அணையைத் தொட்டு, திண்டுக்கல் பக்கமா ஓடி, வேடசந்தூர் தாண்டி அமராவதியில சேருது. சேரணும். திண்டுக்கல் மாநகராட்சி ஆயிடுச்சு, ஆனா அந்த ஆத்துப் பேரு ஊர்ல எத்தனை பசங்களுக்குத் தெரியும்? இந்த ஆத்துல யாரும் 163 மெகாவாட் கேக்கல. அருவி இல்ல, கமல் வந்து குதிக்கல. தோல் ஷாப்புக் கழிவு நம்ம நிலத்தடித் தண்ணியக் கெடுத்தப்போ, 1996ல உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளைப் பத்திக் குடுத்த பெரிய தீர்ப்புல வேலூர் பக்கத்தோட திண்டுக்கல் பேரும் இருந்துச்சு. அது ஒண்ணுதான் நமக்குக் கிடைச்ச பெருமை. மத்தபடி கருவேல மரமும் குப்பையும் ஆத்தைத் தின்னுச்சு. எந்தப் பொதுக் கருத்துக் கேட்பும் நடக்கல. யாரும் அனுமதி கேக்கவும் இல்ல, யாரும் ரத்து பண்ணவும் இல்ல.

சாலக்குடிக்காரங்க ஆறு தப்பிச்சதுக்கு, அதுக்கு எதிரா ஒரு திட்டம் வெளிப்படையா வந்ததும் ஒரு காரணம். பேரு, இடம், யூனிட்டு எல்லாம் போட்டு வந்துச்சு. அதனால எதிர்த்துக் கணக்குக் கேக்க முடிஞ்சுது. திட்டமே இல்லாம சாகிற ஆத்துக்கு யாருகிட்ட போய் கணக்குக் கேக்கிறது?

கேக்கலாம். நாமதான் கேக்கணும். ஒரு வருஷத்துல எத்தனை நாள் குடகனாத்துல தண்ணி ஓடுச்சு? ஆத்தூர் அணையில இருந்து எவ்வளவு வந்துச்சு? ஊர்ச் சாக்கடை எத்தனை இடத்துல கலக்குது? இதை எழுதி வைக்கிறதுக்கு அரசாங்கம் வேணாம். ஒரு நோட்டும் சைக்கிளும் போதும். பொட்டி தட்டுற என்னை மாதிரி ஆளுன்னா ஒரு எக்செல் ஷீட்டு. நான் இந்த ஜூன்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன். ஊருக்கு வர்ற ஒவ்வொரு வாரமும் மூணு பாலத்துல நின்னு பாத்துக் குறிச்சு வைக்கிறேன். நான் வராத வாரம் அப்பா பட்டறையை மூடிட்டுப் போயி பாத்துட்டு ஃபோன்ல சொல்றாரு. போன வாரம் சொன்னது: "முழங்கால் தண்ணி, கறுப்பா ஓடுது. எழுதிக்க."

உங்க ஊரு ஆத்துப் பேரு என்ன மக்களே? அதுல கடைசியா எப்பத் தண்ணி ஓடுச்சுன்னு தெரியுமா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கரண்டா ஆறான்னு அப்பாகிட்ட கடைசியா ஒரு முடிவு கேட்டேன். "சாயந்தரம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் எனக்குக் கரண்ட் வேணும். அதுக்கு அருவி வேணாம்னா வேற வழி கண்டுபிடி. உன்னை என்ஜினியரிங் படிக்க வச்சது எதுக்கு?"ன்னுட்டாரு. என்கிட்ட பதில் இல்லை. இருக்கிற என்ஜினியர்கள் யாராவது சொல்லுங்கப்பு!